16,000 ரேண்டா, 71,600 ரேண்டா? ஒரு விற்பனைப் பிரதிநிதியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. சொந்த ஊர் தென்காசி பக்கம். ஆறு வருஷமாகத் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். மிட்ராண்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை. டர்பனில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். கட்டுமானப் பொருள் கடைகள், சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஒன்பது கிளைகள். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். வீட்டில் இப்போது ஆங்கிலம்தான், ஆனாலும் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவர் கேட்பது கடையில் ஓடும் சிஸ்டத்துக்கு சப்போர்ட் ரினியூவல் (பராமரிப்பு உதவியைப் புதுப்பிப்பது), புது வெர்ஷன் லைசென்ஸ், ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. என் மேனேஜரோ அவரை மூன்று வருஷ கிளவுட் சப்ஸ்கிரிப்ஷனுக்கு, அதாவது வருஷச் சந்தா கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்தும் சாஃப்ட்வேருக்கு, மாற்றச் சொல்கிறார். எங்கள் கிளவுட் ஸ்பெஷலிஸ்டும் டர்பன் மீட்டிங்குக்கு வர ஆசைப்படுகிறார். கோட்டாவில், அதாவது இந்த வருஷ விற்பனை இலக்கில், 92 சதவீதத்தில் நிற்கிறேன், டிசம்பர் 31 கடைசி நாள். கிளவுட் என்றால் தாண்டிவிடுவேன், அவர் கேட்டதைக் கொடுத்தால் தாண்ட மாட்டேன். அவருக்கு எது நல்லது என்று யோசிக்க உட்கார்ந்தாலே என் கமிஷன் குறுக்கே வந்து நிற்கிறது. நான் பேராசைக்காரனா? மேனேஜரிடம் எப்படிப் பேசுவது? கமிஷன் பிளானின் நகலையும் இரண்டு வழிகளின் விலை விவரத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறையும், நீங்கள் அனுப்பிய பிளானை நான்கு முறையும் படித்தேன். கடிதத்தில் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். பிளானின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தபின் உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. டர்பன் கடைக்காரருக்கு எது விற்கப்பட வேண்டும் என்பதை உங்கள் மனசு முடிவு செய்வதற்குப் பத்து மாதம் முன்பே, ஜனவரியில், அந்த அட்டவணை முடிவு செய்துவிட்டது. நீங்கள் உணர்வது அந்த அட்டவணையின் இழுப்பு. அதைப் பேராசை என்று நினைத்து மருகுவதால் ஒன்றும் ஆகாது. எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டால் அதை எதிர்த்து நிற்க முடியும்.

பதினோரு வருஷம் நான் விற்பனையில் இருந்தேன். அதன்பின் இன்றுவரை இந்த மாதிரி பிளான்களை எழுதித் தருவதுதான் என் தொழில். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததால் சொல்கிறேன்: விற்பனை ஆட்கள் எல்லோரும் கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான் கேட்பார்கள், அதைத்தான் வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் யார் எதை விற்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது சதவீதம் அல்ல, கிரெடிட். அதாவது, வாடிக்கையாளர் கொடுக்கும் ஒரு ரேண்டில் எத்தனை காசு உங்கள் கோட்டாக் கணக்கில் ஏறும் என்ற விதி. சதவீதம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

உங்கள் பிளானை வைத்தே பார்ப்போம். கோட்டா 1 கோடியே 20 லட்சம் ரேண்ட். அதை முழுதாக முடித்தால் 4,80,000 ரேண்ட் கமிஷன். அப்படியென்றால் கிரெடிட் ஆகும் ஒவ்வொரு ரேண்டுக்கும் 4 சதவீதம், கோட்டாவைத் தாண்டியபின் 8 சதவீதம். இது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் சிறிய அட்டவணை என்ன சொல்கிறது? புதிய கிளவுட் சப்ஸ்கிரிப்ஷனின் முதல் வருஷத் தொகைக்கு முழுக் கிரெடிட். மூன்று வருஷ ஒப்பந்தமாக இருந்தால் அதன்மேல் இன்னும் கால்வாசி. கடையிலேயே ஓடும் சாஃப்ட்வேருக்கான லைசென்ஸ் என்றால் பாதி. சப்போர்ட் ரினியூவலுக்குப் பூஜ்யம், பயிற்சிக்கும் பூஜ்யம்.

இப்போது அந்த ஐயா கேட்டதை இதற்குள் போட்டுப் பாருங்கள். சப்போர்ட் வருஷத்துக்கு 6 லட்சம், கிரெடிட் இல்லை. லைசென்ஸ் 8 லட்சம், கிரெடிட் 4 லட்சம். பயிற்சி ஒன்றரை லட்சம், கிரெடிட் இல்லை. உங்களுக்கு வருவது 16,000 ரேண்ட். 92 சதவீதத்திலிருந்து 95 சொச்சத்துக்கு ஏறுவீர்கள்.

மேனேஜர் சொல்வது வருஷம் 11 லட்சம் வீதம் மூன்று வருஷ கிளவுட். கிரெடிட் 13,75,000. நீங்கள் கோட்டாவைத் தொட இன்னும் 9,60,000 தேவை. அதுவரை 4 சதவீதத்தில் 38,400. மிச்சம் 4,15,000-க்கு 8 சதவீதத்தில் 33,200. மொத்தம் 71,600 ரேண்ட், அதோடு கோட்டா தாண்டியவர்களுக்கான பயணப் பரிசும்.

ஒரே மனிதர், ஒரே கடை. நீங்கள் எந்தக் காகிதத்தை நீட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நாலரை மடங்கு வித்தியாசம். நடுராத்திரியில் இது நினைவுக்கு வந்து தூக்கம் கெடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அவர் பக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம். கேட்டதை வாங்கினால் மூன்று வருஷத்துக்கு 27 லட்சத்து 50 ஆயிரம். கிளவுட் என்றால் 33 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்தரை லட்சம் கூடுதல். ஆனால் இதோடு நிறுத்தினால் அதுவும் அரைக்கணக்குதான். பழைய வழியில் சர்வர் பெட்டி அவருடையது, மின்சாரம் அவருடையது, இன்வெர்ட்டரும் பேட்டரியும் அவருடையவை. 2022, 2023-இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்த நாட்டில் கடை நடத்தியவர்களுக்கு அந்தச் செலவு எவ்வளவு என்று நன்றாகவே தெரியும். அந்த சர்வருக்கு என்ன வயது, அடுத்த மூன்று வருஷம் தாங்குமா என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கிளவுட் விற்கும் ஆசையில் கேட்காமல் விட்டதும் உண்டு, ஆசைப்படுகிறோமே என்ற கூச்சத்தில் கேட்காமல் விட்டதும் உண்டு. எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

அதனால் கிளவுட் என்றாலே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷம் முன்பு இங்கே கிளவுட் வேண்டாம் என்று சொல்ல நேர்மையான காரணம் இருந்தது. தரவு ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் டேட்டா சென்டர் திறந்தது. 2020-இல் அமேசான் கேப்டவுனில், 2024-இல் கூகிள் ஜோகன்னஸ்பர்க்கில். அந்தக் காரணம் போய்விட்டது. ஆனால் உங்கள் வாடிக்கையாளருக்கு வேறு காரணம் இருக்கலாம். ஒன்பது கிளைகளில் எத்தனைக்கு ஃபைபர் இணைய லைன் இருக்கிறது? லைன் போனால் கல்லாவில் பில் போட முடியுமா? கரண்ட் நீண்ட நேரம் போனால் மொபைல் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும் என்பதால், டவரை மட்டும் நம்பி ஒரு கிளையை நடத்த முடியாது. சிமென்ட் மூட்டைக்கு லாரி வெளியே நிற்கும்போது பில் வரவில்லையென்றால், ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள டேட்டா சென்டரை வைத்து அவர் என்ன செய்வார்? எலி வளையானாலும் தனி வளை என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறதா என்பதை அந்தக் கிளைகளில் போய் நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும்.

என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது வருஷம். ஒரு மருத்துவமனைக்குத் தரவைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று விற்றேன், அந்த நாளில் எனக்கு அது மிகப் பெரிய தொகை. அந்த நிறுவனத்தின் பிளானில் பெட்டிக்கு முழுக் கிரெடிட், பொருத்திக் கொடுக்கும் சேவைக்குக் கிரெடிட்டே கிடையாது. அதோடு, சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் மொத்த விலை ஏறும், வாடிக்கையாளர் யோசிப்பார், குவார்ட்டர் (மூன்று மாதக் கணக்குக் காலம்) தாண்டிவிடும். ஆகவே கோட்டேஷனில் அதைச் சேர்க்கவில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றேன், அவரும் சரி என்றார். கோட்டா முடிந்தது. பரிசாக மொரீஷியஸ் போய்க் கடற்கரையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன்.

ஏழு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த மருத்துவமனைக்குப் போனபோது, ஐடி பொறுப்பில் இருந்த பெரியவர் என்னை அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். பழைய கட்டில்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி நின்றது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதன்மேல் யாரோ துடைப்பக் குச்சியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். உறையின் பையில் டெலிவரி நோட்டு, அதில் என் பெயர். அவர் கோபப்படவில்லை. மேலே வந்து ரூய்போஸ் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "எப்போது ஆள் அனுப்புவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்த வேலை ஒப்பந்தத்தில் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். அந்த டீயை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை.

அவரை ஏமாற்ற வேண்டும் என்று நான் ஒரு நிமிஷமும் நினைத்ததில்லை. எதற்குக் கிரெடிட் உண்டோ அது என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது, இல்லாதது தெரியவே இல்லை. உங்கள் பிளானில் பயிற்சிக்குப் பூஜ்யம் என்று பார்த்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தத் துடைப்பக் குச்சிதான்.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் வந்த நோய் அல்ல. கம்ப்யூட்டர் வியாபாரம் தொடங்கிய காலத்திலிருந்தே இப்படித்தான். ஐபிஎம் தன் மெஷின்களை விற்காமல் வாடகைக்கு மட்டுமே விட்ட காலம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் ஒரு மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டால், அதற்குக் கொடுத்த கமிஷனை அப்போது அந்தக் கணக்கைப் பார்க்கும் விற்பனையாளரிடமிருந்து கழித்துக்கொள்வார்கள். அவர் அதை விற்றவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் அந்த விதியால்தான் ஐபிஎம் ஆட்கள் விற்ற பிறகும் வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய் மெஷின் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதே நிறுவனத்தில் கமிஷனுக்கு ஒரு உச்சவரம்பும் இருந்தது. ராஸ் பெரோ என்ற விற்பனையாளர் 1962-க்கான கோட்டாவை ஜனவரி முடியுமுன்பே முடித்துவிட்டார். அதன்பின் எவ்வளவு விற்றாலும் அவருக்குப் பலன் இல்லை. அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு சொந்தமாக எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் சேவை நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு விதி வாடிக்கையாளரைக் காத்தது, இன்னொரு விதி கையிலிருந்த சிறந்த ஆளை வெளியே அனுப்பியது. இரண்டையும் எழுதியது ஒரே நிறுவனம்.

உங்கள் 'தாண்டினால் இரட்டிப்பு' விதிக்கும் ஆராய்ச்சி இருக்கிறது. இயன் லார்க்கின் என்பவர் ஒரு பெரிய சாஃப்ட்வேர் நிறுவனத்தின் விற்பனைப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டார். கூடுதல் சதவீதம் கிடைக்கும் குவார்ட்டருக்குள் டீலை இழுத்துக்கொள்ள, விற்பனையாளர்கள் தேவைக்கு மேல் டிஸ்கவுண்ட் கொடுத்தார்கள். அந்த விளையாட்டால் நிறுவனத்துக்குப் போனது வருவாயில் 6 முதல் 8 சதவீதம். அந்த ஆட்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

நிறுவனம் ஏன் இப்படி எழுதுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், மேனேஜரிடம் பேசப்போவது நீங்கள்தானே. ஆண்டுதோறும் திரும்ப வரும் சப்ஸ்கிரிப்ஷன் வருவாய்க்கு முதலீட்டாளர்கள் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறார்கள். ஒருதடவை லைசென்ஸ் விற்ற பணத்துக்கு அந்த மதிப்பு இல்லை. ரினியூவல் எப்படியும் வந்துவிடும் என்று தலைமை அலுவலகம் நம்புகிறது, வருவதற்கு எதற்குக் கமிஷன் என்பது அவர்கள் வாதம். அது எப்படியும் வருவதில்லை. யாரோ ஒருவர் போன் எடுத்துப் பேசுவதால் வருகிறது. உங்கள் விஷயத்தில் அந்த ஒருவர் நீங்கள்.

உங்கள் மேனேஜர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கோட்டா உங்கள் குழுவினரின் கோட்டாக்களிலிருந்து வந்தது. பிளானின் பின்னிணைப்பைப் பார்த்தால், அவருக்குக் கிளவுடுக்கென்று தனி இலக்கும் இருக்கிறது. லைசென்ஸ் எவ்வளவு விற்றாலும் அந்த இலக்கு நிறையாது. கிளவுட் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் திடீரென்று உங்கள் டர்பன் மீட்டிங்குக்கு வர ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவருக்கும் இதே டீலுக்கு முழுக் கிரெடிட் உண்டு. ஒரே விற்பனைக்கு இரண்டு பேருக்கு முழுக் கிரெடிட் கொடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் சேர்ந்து வேலை செய்யட்டும் என்பதற்காக அப்படிக் கொடுப்பார்கள். அதன் விளைவு, அந்த அறையில் உட்காரும் மூன்று பேருக்கும் ஒரே பதிலில்தான் பணம் இருக்கும், எதிரே உட்காரும் கடைக்காரருக்கு அது தெரியாது.

விதியை மாற்றினால் சரியாகிவிடுமா? நானும் அப்படித்தான் நம்பினேன். பிளான் எழுதும் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக ஒரு நிறுவனத்தில், கையெழுத்தானதும் பாதிக் கிரெடிட், வாடிக்கையாளரிடம் சிஸ்டம் ஓடத் தொடங்கிய பிறகு மீதி என்று மாற்றினேன். பலன் உடனே தெரிந்தது. முதல் மீட்டிங்கிலேயே எல்லோரும் பொருத்தும் செலவையும் பயிற்சியையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பிரிக்காத பெட்டிகள் குறைந்தன. ஆறு மாதம் போனது. அரசு மருத்துவமனைகளுக்கும் நகராட்சிகளுக்கும் யாருமே போகவில்லை என்று கவனித்தோம். அங்கே ஒப்புதல் கிடைத்து சிஸ்டம் ஓட ஒரு வருஷம் ஆகும், மீதிக் கிரெடிட் யாருக்கு வேண்டும்? சீக்கிரம் ஓடும் சின்ன வேலைகளாகத் தேடிப் போனார்கள். ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது. அந்த மருத்துவமனைப் பெரியவரை நினைத்துத்தான் விதியை எழுதினேன், அவரைப் போன்றவர்களுக்கே ஆள் போகவில்லை. இன்றும் இது என்னை உறுத்துகிறது.

உலக அளவிலும் இதே தேடல்தான். 2017 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் விற்பனைப் பிரிவை மாற்றியமைத்தபோது, கையெழுத்தை மட்டும் பார்க்காமல் வாடிக்கையாளர் கிளவுடை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தது. கூட்டாளி நிறுவனங்கள் தன் கிளவுடான அஷூரில் கட்டிய தீர்வுகளைச் சேர்ந்து விற்றால், அந்த ஒப்பந்தத்தின் ஆண்டுத் தொகையில் 10 சதவீதம் வரை தன் சொந்த விற்பனையாளர்களுக்குக் கொடுப்பதாகவும் அறிவித்தது. பிறர் பொருளை விற்க மனமில்லாத ஆட்கள் அதன்பின் பிறர் பொருளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உங்கள் நிறுவனமும் ஒருநாள் பயன்பாட்டுக் கணக்குக்கு மாறலாம். மாறினால், இன்று நீங்கள் தலையில் கட்டிய மூன்று வருஷ கிளவுட் பயன்படாமல் கிடந்து நாளை உங்கள் கோட்டாவையே தின்னும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

டர்பனுக்கு நேரில் போங்கள். போனிலும் வீடியோ காலிலும் இது ஆகாது. ஸ்பெஷலிஸ்டை இந்த முறை அழைத்துப் போக வேண்டாம். மூன்று கிளைகளிலாவது கல்லாவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். சர்வரின் வயதைக் கேளுங்கள், லைன் எத்தனை தடவை போகிறது என்று காசாளர் பெண்ணிடம் கேளுங்கள். முதலாளியைவிட அவருக்குத்தான் அது தெரியும். அதன்பின் இரண்டு திட்டங்களை எழுதுங்கள், இரண்டிலும் மூன்று வருஷ மொத்தச் செலவு ரேண்டில், மின்சாரம், சர்வர் மாற்றும் செலவு உட்பட. எழுதி முடிக்கும்வரை உங்கள் கிரெடிட் அட்டவணையைத் திறக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே தடுப்பு மருந்து இது; முழுதாக வேலை செய்யாது, ஓரளவு செய்யும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்றாவது வழி ஒன்று தெரிகிறது. கணக்கு, பேக்கப், கிளைகளின் ஸ்டாக் அறிக்கை இவற்றை மட்டும் ஒரு வருஷ கிளவுடுக்குக் கொண்டுபோகலாம். கல்லாவில் பில் போடுவது கடையிலேயே இருக்கட்டும். உதாரணத்துக்கு கிளவுட் 4,50,000, குறைந்த அளவு லைசென்ஸ் 3 லட்சம் என்றால் உங்கள் கிரெடிட் 6 லட்சம், கமிஷன் 24,000, கோட்டா 97 சதவீதம். தாண்டவில்லைதான். ஆனால் மீதி 3,60,000 வேறு எங்கிருந்தாவது வர வாய்ப்புண்டு. ஒரு வருஷம் கழித்து அவருக்கு கிளவுட் பிடித்திருந்தால் மிச்சத்தையும் அவரே கேட்பார். அவர் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிளைகளைப் பார்த்தவர் நீங்களாக இருப்பீர்கள், நான் அல்ல.

மேனேஜரிடம் 'மனசாட்சி' என்ற வார்த்தையைக் கொண்டுபோக வேண்டாம். அவர் உங்களைத் தன்மேல் பழி சொல்கிறவராகப் பார்ப்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ரிஸ்க்கைக் கொண்டுபோங்கள். "இந்தக் கணக்கில் வருஷம் 6 லட்சம் சப்போர்ட் வருவாய் இருக்கிறது. தவறான மாற்றம் செய்தால் ஒன்பது கிளைகளையும் சேர்த்து இழப்போம். ரினியூவலுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து எனக்கு ஸ்பெஷல் கிரெடிட் தர முடியுமா?" என்று கேளுங்கள். விதிவிலக்கு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் எழுதிய எல்லா பிளான்களிலும் அதற்கென்று ஒரு பத்தி இருக்கும், உங்கள் பிளானிலும் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பு கேட்டால் கிடைக்க வழியுண்டு. பிறகு கேட்டால் எங்களைப் போன்றவர்கள் விதியைக் காட்டி மறுத்துவிடுவோம். வாயால் சரி என்றால் அன்றே ஈமெயிலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் நன்மைக்காக. பிளானின் ஒன்பதாம் பக்கத்தில் கிளாபேக் விதி இருக்கிறது: வாடிக்கையாளர் 12 மாதத்துக்குள் ரத்து செய்தால் கொடுத்த கமிஷனைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இந்த நாட்டின் 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சட்டமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் சம்பளத்தில் பிடித்தம் செய்ய, குறிப்பிட்ட கடனுக்கு நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். ஜனவரியில் பிளானில் போட்ட கையெழுத்தைத்தான் அந்தச் சம்மதம் என்று காட்டுவார்கள். அடுத்த ஜனவரியில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லைன் சரியில்லாத கிளைகளுக்கு மூன்று வருஷ கிளவுடைக் கொடுத்து அவர் எட்டாவது மாதம் ரத்து செய்தால், 71,600 திரும்பப் போகும். அதற்குள் அது வீட்டுக் கடனுக்கோ ஊருக்கோ போயிருக்கும்.

நாள் கணக்கையும் மறக்க வேண்டாம். தலைமை அலுவலகத்துக்கு வருஷம் டிசம்பர் 31-இல் முடியலாம். இங்கே டிசம்பர் 16 விடுமுறையோடு பாதி நாடு கடலோரம் போய்விடும், கட்டுமான வேலைகளும் நின்றுவிடும். அந்த மாத முதல் இரண்டு வாரம் கட்டுமானப் பொருள் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே உங்களுக்கு உண்மையான கடைசி நாள் நவம்பர் முடிவு. டிசம்பர் 10-ஆம் தேதி காகிதத்தை நீட்டி 'இன்றைக்கே போட்டால் டிஸ்கவுண்ட்' என்று சொல்லும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோய்விடாதீர்கள். அவர் உங்களைத் தம்பி என்று கூப்பிடுகிறார். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்றை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார், அதை அவசரத்துக்குப் பயன்படுத்துவது சரியாக இருக்காது.

அவர் நேராகவே கேட்கக்கூடும்: "தம்பி, உனக்கு எதில் அதிகம் கிடைக்கும்?" கேட்டால் சொல்லிவிடுங்கள். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. கிளவுடில் எனக்கு அதிகம், அதனால்தான் மற்றதையும் முழுதாக எழுதிக் கொண்டுவந்தேன் என்று சொன்னால் போதும். நான் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விலை உயர்ந்த திட்டத்தையே எடுத்தார், தனக்கு அது ஏன் தேவை என்று எனக்கே விளக்கிவிட்டு.

எந்தத் திட்டத்தை அவர் எடுத்தாலும் அந்த இரண்டு நாள் பயிற்சி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும், தேதியோடும் கிளையின் பெயரோடும். பேரம் நீளும்போது முதலில் கழற்றிவிடத் தோன்றுவது அதுதான், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் யாருக்கும் அதில் கிரெடிட் இல்லை.

அன்புடன்,
அக்கா